தொலைந்தவர் பந்தல்

அப்பா,

எதிர்க் கம்பத்திலிருந்து ஒலிபெருக்கிக் குழாயை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்க்கிறார். கார்த்திகைத் தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. தெருவெல்லாம் பொரியும் வாழைப்பழத் தோலுமாகக் கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, "மெதுவா எறக்குங்கப்பா, உள்ள என் கொரலு கொஞ்சம் மிச்சம் கீது, கொட்டிடப் போவுது" என்று சொல்லியிருப்பீர்கள். மேலே இருப்பவர் சிரிக்கிற சிரிப்பில் ஏணியே ஆடும்.

என் மடியில் உங்கள் கைக்குட்டை இருக்கிறது. காற்று மோதி இரையாமல் இருக்க மைக்கின் மேல் சுற்றிக் கட்டுவீர்களே, அதுதான். நடுவில் மைக்கின் தலை பதிந்து வட்டமாகப் பழுப்பேறியிருக்கிறது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் கிராம்பு வாசனை. தொண்டை கட்டாமல் இருக்க எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிவைத்திருப்பீர்கள். இத்தனை மாதம் கழித்தும் அந்த வாசனை போகவில்லை.

இந்தக் கைக்குட்டைக்காக நான் இந்த வருஷம் சண்டைக்குப் போனேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். மளிகைக் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டால் வாய் வராமல், பருப்பு மூட்டையை விரலால் காட்டிவிட்டு நிற்கிறவள் உங்கள் மகள். அவள் சண்டைக்குப் போனாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் பொறாமையைச் சொல்லியாக வேண்டும். உங்களை நினைத்தால் ஊரில் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. எனக்கு முதலில் வருவது பொறாமைதான்.

உங்கள் வேலை அப்படி. ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடைகள் எத்தனையோ இருந்தன. ஆனால் கல்யாணமோ காதுகுத்தோ கூழ் ஊற்றுகிற திருவிழாவோ, சுற்றுப்பட்ட கிராமத்துக்காரர்கள் உங்கள் முதலாளியின் கடைக்குத்தான் வருவார்கள். "அந்தச் சிரிப்புக்காரரு வர்ற செட்டு வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். குழாய் கட்டுவதற்கும் இசைத்தட்டுப் போடுவதற்கும்தான் உங்களுக்குக் கூலி. பேசுவது நீங்களாகச் செய்தது. ஒரு கல்யாணத்தில், "சாப்பிட வந்திருக்கும் பெரியோர்களுக்கு ஓர் அறிவிப்பு. முதல் பந்தியில் உட்கார்ந்த நீலச் சட்டைக்காரர் மூன்றாவது பந்தியிலும் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் எழுப்ப வேண்டாம். அவர் இலைக்குப் பாயசம் இன்னும் வரவில்லை" என்றீர்களாம். கல்யாண வீடே விழுந்து விழுந்து சிரித்ததாம். எல்லோரையும்விட ஜாஸ்தி சிரித்தவர் அந்த நீலச் சட்டைக்காரர்தானாம்.

ஆம், அப்பா. எல்லாமே 'ஆம்', 'ஆம்' என்றுதான் எனக்குத் தெரியும். நான் அந்தப் பந்தலில் இல்லை. கேட்டவர்கள் சொல்லிக் கேட்டேன்.

தெரு பைப்படியில் குடத்தோடு நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆரம்பிப்பார்கள். "எங்க அண்ணன் கல்யாணத்துல உங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா?" என்று ஒருத்தி சொல்லுவாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவாள். "நீ குடுத்து வெச்சவ உண்ணாமல. தெனமும் ஊட்லயே கேக்கலாம்" என்பாள் இன்னொருத்தி. பாதி நிரம்பிய குடத்தோடு நான் வந்துவிடுவேன். என் அப்பாவை எனக்கே கதை சொல்கிறார்களே என்று வயிறு எரியும்.

வீட்டில் நீங்கள் எனக்குக் குறை வைத்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்ச் சொம்பை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவீர்கள்.

"இவ்வீட்டில் கூடியிருக்கும் பொதுமக்கள் கவனத்திற்கு. ரசத்திலிருந்து உப்பு என்பவர் காணாமல் போயிருக்கிறார். கண்டுபிடித்துத் தருபவர்களுக்குத் தக்க சன்மானம் உண்டு."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "இன்னா சன்மானம்? பொங்கலுக்கு எடுத்துத் தர்றேன்னு சொன்னீங்களே, அந்தப் பொடவையா?" என்பாள்.

"மேற்படி புடவையும் காணாமல் போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஓடிப்போயிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது."

எனக்குப் புரை ஏறும். என் தலையைத் தட்டிவிட்டு நீங்கள் சாப்பிட ஆரம்பிப்பீர்கள். ஒருநாள் நான் கேட்டேன், "இத்தயே நாளைக்கி கல்யாணத்துலயும் சொல்லுவீங்களா?" "ஏன், நல்லாத்தான கீது? சொல்லுவேன்" என்றீர்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பின்னாலேயே வந்து கேட்டீர்கள். "இன்னாம்மா கோவம்?" எனக்கு அப்போது எட்டு வயதுகூட இருக்காது. எனக்குச் சொன்னதை எதற்கு ஊருக்கும் சொல்கிறீர்கள் என்று அழுதேன். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஊருக்கு மைக்ல பேசறேன். உனக்கு மைக் இல்லாம பேசறேன். எது ஜாஸ்தி, சொல்லு?"

"மைக்குதான்" என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஆனால் நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். சொம்பில் பேசினால் ஒரு வீட்டுக்குக் கேட்கும். மைக்கில் பேசினால் மலைவரைக்கும் கேட்கும். எது பெரியது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியாதா?

தீபத்தன்று என் வயிற்றெரிச்சல் இன்னும் கூடிவிடும். தேரடியில் ஒரு கீற்றுப் பந்தல் போடுவார்கள். கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகளையும் வழிதெரியாமல் நிற்கிற வயதானவர்களையும் அங்கே கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். நீங்கள் மைக்கில் அவர்களுடைய ஆட்களைக் கூப்பிடுவீர்கள். தொலைந்தவர் பந்தல் என்று ஊரே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. நாலு மாட வீதியிலும் பஸ் ஸ்டாண்டிலும் மாட்டுச் சந்தையிலும் கட்டிய குழாய்களில் காலையிலிருந்து உங்கள் குரல்தான்.

அழுகிற பிள்ளையிடம் பேர் கேட்டால் சொல்லாது. நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். மூக்கு ஒழுக அழுகிற பெண் குழந்தையைப் பார்த்து, "வா முனுசாமி, எப்ப வந்த?" என்பீர்கள். அழுகை நின்றுவிடும். "முனுசாமி இல்லியா? அப்ப கோயிந்தசாமியா? மீசைய எங்கடா காணோம்?" பிள்ளைக்குக் கோபம் வந்துவிடும். "நான் சுமதி!" என்று கத்தும். "அப்பா பேரு?" "அப்பா!" அவ்வளவுதான், மைக்கை எடுத்துவிடுவீர்கள்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. அப்பா என்ற பெயருடையவர் எங்கிருந்தாலும் உடனே தேரடிப் பந்தலுக்கு வரவும். தங்கள் மகள் சுமதி தங்களுக்காகக் காத்திருக்கிறாள்."

வீதியில் போகிற ஆண்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டே தங்கள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் நான் வீட்டு வாசலில் அகலுக்குத் திரி போட்டுக்கொண்டிருப்பேன். மலையில் தீபம் தெரிகிற வரைக்கும் இந்த ஊரில் யாரும் வீட்டில் விளக்கேற்ற மாட்டார்கள். அதுவரை திரியைத் திரித்தபடி எதிர்க் கம்பத்துக் குழாயைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யார் அந்தச் சுமதி? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொரி உருண்டை தின்கிறாளே, யார் அவள்? அவள் பெயரை ஊர் முழுக்க ஏன் சொல்ல வேண்டும்? அம்மா கேட்பாள், "தொலஞ்ச புள்ள மேல இன்னாடி பொறாம உனக்கு?" ஆமாம், அவர்கள் மேல்தான். மற்றப் பிள்ளைகள் அப்பாவின் தோளில் ஏறித் தீபம் பார்ப்பார்கள். நான் மாமாவோடு நின்று, முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்ப்பேன். நீங்கள் வீட்டுக்கு வரும்போது குரலே இருக்காது. ஏதாவது கேட்டால் தொண்டையைக் காட்டி, எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று கடைக்காரர் மாதிரி கையை விரிப்பீர்கள். அதற்கும் அம்மா சிரிப்பாள்.

அதனால்தான் ஒரு தீபத்தன்று, மாமாவின் விரலை நானாக விட்டேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று. சட்டையில் துணிப்பூ குத்திய தொண்டர் ஒருவர், "யாரு பாப்பா நீ?" என்று கேட்டார். வழக்கம்போல எனக்கு வாய் வரவில்லை. தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் உட்காரவைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பந்தலில் இருந்தவர்கள் பார்த்தார்கள், மற்றவர்கள் குழாயில் கேட்டார்கள். நீங்கள் திரும்பினீர்கள். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் உங்கள் முகம் வெளுத்தது. பிறகு என் கண்ணைப் பார்த்தீர்கள். புரிந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து, "வா முனுசாமி" என்றீர்கள். நான் பேசவில்லை. "கோயிந்தசாமியா?" பேசவில்லை. கடைசியில் பேரைச் சொன்னேன். அப்பா யார் என்று கேட்டதற்கு விரலால் உங்களைக் காட்டினேன். பந்தலே சிரித்தது. நீங்கள் எழுந்து மைக்கைப் பிடித்தீர்கள்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. உண்ணாமலை என்ற பெண் குழந்தை. அரக்குப் பாவாடை, ஒற்றைச் சடை, மூக்கின் நுனியில் கோபம். இந்தக் குழந்தை தொலையவில்லை. தொலைந்தவர் இதனுடைய அப்பா. அவரை இதுவே தேடிப் பிடித்துவிட்டது. ஊரில் உள்ள மற்ற உண்ணாமலைகள் யாரும் திரும்ப வேண்டாம். இது என்னுடைய உண்ணாமலை."

அம்மனின் பெயர். இந்த ஊரில் தெருவுக்கு நாலு உண்ணாமலைகள் இருப்பார்கள். வீதியெங்கும் அத்தனை பேரும் சிரித்தார்களாம். பெயர் காதில் விழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்ட கிழவிகளும் உண்டாம். கொஞ்ச நேரத்தில் கோயிலுக்குள்ளிருந்து அரோகரா என்று சத்தம் எழுந்தது. நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வெளியே வந்தீர்கள். மலை உச்சியில் சுடர் எழுந்ததை அந்த உயரத்திலிருந்து பார்த்தேன். உங்கள் தலைமுடியில் வேர்வை, கழுத்தில் கிராம்பு வாசனை. அந்த ஒரு தீபம்தான் நான் உங்கள் தோளில் பார்த்தது.

அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'தொலஞ்சவ' ஆகிவிட்டது. வாத்தியார் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்று சொல்ல எனக்குக் குரல் எழும்பாது. பையன்களே சேர்ந்து கத்துவார்கள், "தொலஞ்சவ கெடச்சிட்டா சார்!" அம்மாவுக்கு இளைப்பு வந்து படுத்தபோது எட்டாவதோடு நின்றேன். நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரிடம் ஏதோ பேசினீர்கள். அவர் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மறுநாள் வழியில் பார்த்த என் வகுப்புப் பெண்கள், நான் ஏன் நின்றேன் என்று கேட்கவில்லை. "நேத்து உங்கப்பா சார்கிட்ட இன்னா சொன்னாரு? சாரு சிரிச்சாரே" என்றுதான் கேட்டார்கள்.

போன ஆடியில் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்குச் செட்டு எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போனீர்கள். திரும்பி வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த டீக்கடையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்றார்கள். காரியத்தன்று அந்த டீக்கடைக்காரர் வந்திருந்தார். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"டீ ஆத்திட்டு இருந்தேம்மா. 'சர்க்கர ஜாஸ்தியா போடுப்பா'ன்னாரு. ஏன் சார், ஊட்ல கம்மியானு கேட்டேன். 'ஊட்ல போடவே மாட்டாங்க, நான் பேசறதே போதும், அதுலயே டீ இனிச்சிடும்னு சொல்றாங்க'ன்னாரு. நான் சிரிச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், பெஞ்சில சாஞ்சிட்டாரும்மா."

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் அழுதார்கள். அம்மாவும் சிரித்தாள், அப்பா. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவர் நல்ல மனிதர். உங்களை மடியில் தாங்கியவர். ஆனால் உங்கள் கடைசிச் சிரிப்புப் பேச்சு அவரிடம் இருக்கிறது. நினைத்தபோதெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் அவர்.

அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் இப்படிச் சொன்னார், என் மகள் கல்யாணத்தில் அப்படிச் சொன்னார் என்று. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மா தேறினாள். எனக்கு ஒவ்வொன்றும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. எனக்கென்று என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தொலைந்தவர் பந்தல்தான். ஆனால் அதுவும் மைக்கில் சொன்னது. அதையும் ஊர்தான் என்னிடம் சொல்கிறது. எனக்கு மட்டும் என்று ஒன்று வேண்டும், ஒரே ஒன்று போதும் என்று இருந்தது. அப்போதுதான் உங்கள் பெட்டியில் இந்தக் கைக்குட்டை கிடைத்தது. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். வைத்திருந்ததாக நினைத்தேன்.

உங்களோடு அதே கடையில் இருந்தாரே மணி அண்ணன், இந்த வருஷம் பந்தலில் அவர்தான். தீபத்துக்கு முந்தின வாரம் நான் பைப்படிக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறார். "அண்ணனோட கர்சீப்பு இருந்தா குடுங்கண்ணி, ராசியா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா குடுத்த?"

"வெச்சி இன்னாடி பண்ணப்போற? பொட்டில கெடக்கறதுக்கு அவன் வாயிகிட்டயாவது கெடக்கட்டும்."

நான் பாத்திரங்களை இழுத்துப் போட்டுத் தேய்த்தேன். அம்மா, "கொஞ்சம் மெதுவா, பாத்திரம் இன்னாடி பண்ணுச்சு?" என்றாள்.

தீபத்தன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்க் கம்பத்துக் குழாயில் மணி அண்ணன் குரல் வந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தி அது கரகரத்துப்போயிருந்தது. "அப்பா என்ற பெயருடையவர் எங்கிருந்தாலும் உடனே..." என்றார். தெரு சிரித்தது. நீங்கள் சொல்லும்போது எப்படிச் சிரிக்குமோ அதே மாதிரி. எண்ணெய்க் கையோடு எழுந்துவிட்டேன். "எங்கடி போற, கூட்டத்துல?" என்று அம்மா கத்தினாள். போய்க்கொண்டே இருந்தேன்.

வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மணி அண்ணா, எங்கப்பா கர்சீப்பக் குடுங்க. மணி அண்ணா, எங்கப்பா கர்சீப்பக் குடுங்க. பந்தலுக்குள் போய் அவர் முன்னால் நின்றேன். வாய் வரவில்லை. மளிகைக் கடையில் நிற்பதுபோல விரலை மட்டும் நீட்டினேன்.

மைக்குக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. நான் அதைத்தான் காட்டுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அத்த ஏன் கேக்கற உண்ணாமல. மத்தியானத்துலேர்ந்து கீது. அழுவவும் இல்ல, வாயும் தொறக்கல. முனுசாமியானு கேட்டேன், கோயிந்தசாமியானு கேட்டேன். மொறைக்குதே தவிர பேரச் சொல்ல மாட்டேங்குது. உங்கப்பா கேட்டா மட்டும் எப்டித்தான் சொல்லுச்சுங்களோ."

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வராது, மணி அண்ணனுக்கு அது வராது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் குழந்தையைப் பார்த்தேன். பச்சைக் கவுன். ஒரு கை நிறைய வேர்க்கடலை. தின்னாமல் பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குத் தெரிந்த குனிவு அது. கோபம் வந்து பேரைக் கத்துகிற ஜாதி இல்லை. அத்தனை பேர் பார்க்க, பேர் நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிற ஜாதி. என் ஜாதி.

அப்படியானால் அன்றைக்கு நான் எப்படிச் சொன்னேன்?

ஊர் சொல்கிற கதையில் அது இல்லை, அப்பா. ஊருக்குத் தெரியாது. ஊர் சொன்னதையே கேட்டுக் கேட்டு நானும் மறந்திருந்தேன். கோயிந்தசாமிக்கும் நான் வாய் திறக்காததைப் பார்த்ததும், நீங்கள் கையை நீட்டி மைக்கின் பொத்தானை அணைத்தீர்கள். எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தீர்கள். உங்கள் காதை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, "கொழாய்க்கு வாணாம். என் காதுக்கு மட்டும் சொல்லு" என்றீர்கள். அதனால்தான் சொன்னேன்.

நான் பெஞ்சின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். அந்தக் குழந்தையின் பக்கம் காதைச் சாய்த்து, "கொழாய்க்கு வாணாம். என் காதுக்கு மட்டும் சொல்லு" என்றேன். காதில் சூடாக மூச்சு பட்டது.

"கவிதா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"எங்க போனாரு?"

"மாடு."

மணி அண்ணனிடம் சொன்னேன். அவர் மைக்கருகே போய் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் காற்று. மைக்கை என் பக்கம் திருப்பினார். நான் தலையை ஆட்டினேன். "மாட்டுச் சந்த வரைக்கும் கேக்கணும் பாப்பா. என் தொண்டையில ஒண்ணும் இல்ல. நீயே சொல்லிடு" என்று சைகையும் கிசுகிசுப்புமாகச் சொன்னார். கவிதா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிட்டே போனேன். கைக்குட்டை என் உதட்டில் பட்டது. கிராம்பு. நாலு வீதியிலும் முதலில் கேட்டது என் மூச்சுதான். நானே கேட்டுப் பயந்தேன்.

"கவிதா என்ற பெண் குழந்தை. பச்சைக் கவுன். அப்பா என்ற பெயருடையவர் மாடு வாங்க வந்திருக்கிறார். அவர் எங்கிருந்தாலும், பிடித்திருக்கும் மாட்டை விட்டுவிட்டு, விட்டுவிட்ட மகளைப் பிடித்துக்கொள்ள உடனே தேரடிப் பந்தலுக்கு வரவும்."

வீதி சிரித்தது. நீங்கள் சொன்னதாக யாரும் எனக்குக் கதை சொல்லாத ஒன்று அது, நானாகச் சொன்னது. வீட்டில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாளாம். "யாருடி அதுன்னு பாத்தேன். தெருவே திரும்பி என்னப் பாக்குது" என்றாள் பிறகு.

அந்த ஆள் ஓடிவந்தார். வேர்த்து விறுவிறுத்து, கையில் புதுக் கயிறு, மாடில்லாமல். கவிதா அவர் மேல் பாய்ந்து, வேர்க்கடலைக் கையாலேயே மார்பில் குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டே அழுதார். அரோகரா சத்தம் எழுந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவர் கவிதாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். மலையைப் பார்ப்பதற்குப் பதிலாக நான் அவளைப் பார்த்தேன். ஒரு கையால் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தாள். எரிந்தது, அப்பா. மலைமேல் எரிந்ததைவிட ஜாஸ்தியாக எரிந்தது. பதினேழு வயதில் ஒரு குழந்தையைப் பார்த்து இப்படிப் பொறாமைப்படலாமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பொறாமைப்பட்டேன்.

பந்தலில் நானும் மைக்கும்தான். பொத்தானை அணைத்தேன். நீங்கள் செய்வதுபோல விரல் நுனியால் மைக்கைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. வாயைக் கைக்குட்டையில் வைத்துச் சொன்னேன்.

"அப்பா என்ற பெயருடையவர் எங்கிருந்தாலும் கவனிக்கவும். ஊரில் உள்ள மற்ற அப்பாக்கள் யாரும் திரும்ப வேண்டாம். இது என்னுடைய அப்பாவுக்கு."

அதற்குப் பிறகும் கொஞ்சம் பேசினேன். பேசி முடித்துவிட்டுக் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தேன். மணி அண்ணன் உள்ளே வந்து பார்த்தார். "நாளைக்கி நான் இன்னா பண்றது?" என்றார் காற்றுக் குரலில். "வேற வாங்கிக்குங்கண்ணா" என்றேன். நன்றாகக் கேட்கும்படியே சொன்னேன். விரலை நீட்டவில்லை.

குழாயை இறக்கிவிட்டார்கள். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்கள். அம்மா உள்ளேயிருந்து, "அத்தக் குடுடி, சோப்புப் போட்டு அலசித் தர்றேன்" என்கிறாள். கொடுக்க மாட்டேன். பொத்தானை அணைத்துவிட்டு உங்களிடம் என்ன பேசினேன் என்பதையும் இங்கே எழுத மாட்டேன். இந்த மடல் யார் கையிலாவது கிடைத்து, பைப்படிவரைக்கும் போய்விடும்.

அது ஊருக்கு இல்லை, அப்பா. உங்கள் காதுக்கு மட்டும்.

உங்கள்
உண்ணாமலை